பகாச் செயல்

அரியலூரிலிருந்து பெரம்பலூர் வழியாகச் சென்னைக்குச் செல்லும் பேருந்து ஒன்றில் 10 இருக்கைகள் எஞ்சியுள்ளன எனக் கொள்க. அவ்வெண் இரு நிலையங்களுக்கும் பொதுவான கணிப்பொறி ஒன்றில் உள்ளது. இரண்டு ஊர் எழுத்தரும் ஒரே கணத்தில் அதனைப் படிக்கின்றனர். ஒவ்வொருவரும் ஓர் இருக்கையை விற்று, பத்தில் ஒன்று கழித்து, 9 என எழுதுகின்றனர். விற்றவை இரண்டு, கணக்கில் குறைந்ததோ ஒன்று. முடிவில் பயணி ஒருவர்க்கு இருக்கை இராது. எழுத்தர் இருவரும் கணக்கில் பிழைக்கவில்லை. படித்தல், கழித்தல், எழுதுதல் என்னும் மூன்றற்கும் இடையே மற்றவர் புகுந்ததே பிழைக்குக் காரணம்.

இக்காலக் கணிப்பொறிகளிலும் கைப்பேசிகளிலும் பல செயலிகள் ஒரே நினைவகத்தைப் பகிர்ந்துகொள்கின்றன. அவற்றை ஆளும் இயங்குதளத்தின் மையப் பகுதி கெர்னல் எனப்படும். அங்கு இப்பிழை நேரின், இழப்பு ஓர் இருக்கையோடு நில்லாது. ஆதலின், மூன்று படிகளையும் ஒரே செயலாக முடிக்கும் கட்டளைகளை அறிஞர்கள் செயலியிலேயே அமைத்தனர். பகுக்க இயலாத சொல்லை இலக்கணம் பகாப்பதம் என்னும். அதுபோல இவற்றைப் பகாச் செயல்கள் எனலாம். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகம் உருவாக்கிய ‘சக்தி’ செயலி, 2018ஆம் ஆண்டில் லினக்ஸ் இயங்குதளத்தை இயக்கிக் காட்டியது. அது பின்பற்றும் ரிஸ்க்-ஃபைவ் கட்டளைத் தொகுதியில் பகாச் செயல்களுக்கெனத் தனிப் பிரிவே உண்டு.

பகாச் செயலைக் கையாண்டால் மட்டும் போதுமோ? போதாது, பணிக்கு ஏற்றதைத் தேர்தல் வேண்டும். நினைவகப் பகுதி ஒன்றைப் பயன்படுத்துவோர் எத்தனை பேர் எனக் கெர்னல் எண்ணி வரும். அவ்வெண் சுழியமானால் அப்பகுதி விடுவிக்கப்படும். ஒன்று கழித்தலை ஒரு செயலாகவும், சுழியமா என நோக்குதலை வேறொரு செயலாகவும் செய்தால், இடையில் மற்றொரு செயலி புகுந்துவிடும். ஒரே பகுதி இருமுறை விடுவிக்கப்படவும் கூடும். கழித்தலையும் நோக்குதலையும் சேர்த்தே முடிக்கும் செயலே அங்குத் தக்கது.

எண்ணின் எல்லையும் கருதத்தக்கது. 32 இரும இலக்கங்களால் ஆன எண், 429 கோடிக்கு மேற்பட்ட முறை கூட்டப்பட்டால் மீண்டும் சுழியத்திற்கே வரும். லினக்ஸ் கெர்னலில் மறைதிறவுகளைக் காக்கும் பகுதியில், இவ்வெண் குறையாது கூடிக்கொண்டே செல்ல இடந்தரும் பிழை ஒன்று 2016 ஜனவரியில் வெளிப்பட்டது. அதனைக் கொண்டு எளிய பயனர் ஒருவரும் கணிப்பொறி முழுவதையும் கைப்பற்ற இயலும் என அறியப்பட்டது. அங்கு நிகழ்ந்த கூட்டலும் பகாச் செயலே; எனினும் அது காவலாகவில்லை. 2017ஆம் ஆண்டில், எல்லை கடக்க முற்படின் சுழியத்திற்குத் திரும்பாது நின்றுவிடும் தனி எண்முறை லினக்ஸில் சேர்க்கப்பட்டது. அதனால் சிறிது நினைவகம் வீணாகலாம். ஆட்சி பிறர் கைக்குப் போகாது.

பல செய்திகளை ஒருங்கே மாற்ற வேண்டுமாயின், பூட்டு என்னும் ஏற்பாடு தேவை. அரியலூர் வழியே செல்லும் விழுப்புரம் – திருச்சிராப்பள்ளி இருப்புப்பாதை முன்பு ஒற்றைப் பாதையாக இருந்தது. ஒற்றைப் பாதைகள் சிலவற்றில் டோக்கன் என்னும் அடையாளப் பொருளைப் பெற்ற வண்டியே இரு நிலையங்களுக்கு இடையே செல்லும், மற்றது காத்திருக்கும். கெர்னலின் பூட்டும் அத்தகையதே. அப்பூட்டைப் பெறுதலும் ஒரு பகாச் செயலாலேயே நிகழ்கின்றது.

பகாமல் செய்து முடித்தல் பொறியின் கடன். எதனைப் பகுத்தல் ஆகாது எனத் தெளிதல் அதனை ஆள்வோர் கடன்.