நேரு ஸ்டேடியமும் திருத்தணி லோக்கலும்

திருத்தணிக்காரர்களுக்குச் சென்னை தொடங்குவது மூர் மார்க்கெட் காம்ப்ளெக்ஸில். லோக்கல் ரயில் அங்கேதான் இறக்கிவிடும். பழைய மூர் மார்க்கெட் 1985-இல் எரிந்துபோனது. பெயர் மட்டும் ரயில்வேயிடம் தங்கிவிட்டது. அங்கிருந்து பொடிநடையில் நேரு ஸ்டேடியம்.

இன்று கால்பந்துக்குப் பேர்போன அந்த மைதானம், கார்ப்பரேஷன் ஸ்டேடியமாக இருந்தபோது கிரிக்கெட்டின் சொத்து. 1956 முதல் 1965 வரை ஒன்பது டெஸ்ட் ஆட்டங்கள் நடந்தன. முதல் ஆட்டத்திலேயே நியூசிலாந்துப் பந்துவீச்சாளர்களுக்குச் சோதனை. வினு மன்கட் 231, பங்கஜ் ராய் 173. முதல் விக்கெட்டுக்கு 413 ரன். அந்த உலக சாதனை 52 ஆண்டுகள் நின்றது. 2008-இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மித்தும் மெக்கன்சியும் முறியடித்தார்கள், அதுவும் இரண்டே ரன் கூடுதலாக.

அந்த 1956 ஜனவரியில் திருத்தணி ஆந்திர மாநிலத்தில் இருந்தது! ம.பொ.சி. முன்னின்ற எல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-இல்தான் சென்னை மாநிலத்துக்கு வந்தோம். மன்கட் ஆட்டத்தைப் பார்க்க இங்கிருந்து யாராவது போயிருந்தால், வேற்று மாநிலத்து ரசிகராகத்தான் போயிருப்பார்.

பிறகு டெஸ்ட் கிரிக்கெட் சேப்பாக்கத்துக்கே திரும்பிவிட்டது. 1993-இல் ஸ்டேடியத்தைப் புதிதாகக் கட்டினார்கள். 1995 தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்கும் அதுவே களம். ஓடுகளத்தோடு கட்டியதில்தான் எனக்கு மனத்தாங்கல். தடகள வீரர்களுக்கு அது வரம். கால்பந்து பார்க்கப் போகிறவனுக்கோ, மாடத்துக்கும் புல்தரைக்கும் நடுவே ஒரு அகழி. கார்னர் அடிப்பவரின் முகம் தெரியாது. சட்டை எண்ணை வைத்துத்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும்.

2014-இல் சென்னையின் எஃப்சி என்ற கால்பந்து அணி வந்தபின் அந்த மாடங்கள் நீல நிறமாயின. அணி இரண்டு முறை ஐஎஸ்எல் கோப்பையை வென்றது. முதலில் கோவாவில், அடுத்து பெங்களூருவில். சொந்த மண்ணில் கோப்பையைத் தூக்கும் பாக்கியம் வாய்க்கவில்லை. 2015 வெள்ளத்தின்போது சென்னையில் நடக்க வேண்டிய அரையிறுதியைக்கூடப் புனேவுக்குக் கொண்டுபோனார்கள்.

இரவு ஆட்டம் என்றால் எங்கள் பாடு திண்டாட்டம். ரயிலை விட்டால் வழியில்லை என்று எண்பதாவது நிமிடத்திலேயே எழுந்துவிடுவோம். பிளாட்பாரத்துக்கு வரும்போது முதுகுக்குப் பின்னால் கூச்சல் எழும். அடித்தது நம்மவர்களா எதிரணியா என்று பேசின் பிரிட்ஜ் தாண்டும்வரை போனைத் தட்டிக்கொண்டே வருவோம்.