கூவாத ஏலம்

அறுப்பின் பண்டிகை ஆராதனை முடிந்த கையோடு கோயில் முற்றத்தில் மேசை போட்டுவிடுவார்கள். மட்டிக்குலை, செந்துளுவன்குலை, வருக்கைச் சக்கை, மரச்சீனிக்கிழங்கு, தேங்காய், காலைக் கட்டிப்போட்ட சேவல், வீட்டில் சுட்ட முந்திரிக்கொத்து எல்லாம் அதன்மேல் ஏறும். கன்னியாகுமரி மாவட்டத்துக் கிறிஸ்தவ ஊர்களில் வளர்ந்தவர்களுக்கு ஏலம் போடுகிற அண்ணாச்சியின் குரல்தான் பண்டிகையில் பாதி. “கிழக்குத்தெரு ஐநூறுல நிக்குது, மேலத்தெருவுக்கு வாயில்லையா?” என்று ஒரு தட்டு தட்டுவார். அவ்வளவுதான், ஒரு தேங்காய் ஆயிரத்தைத் தொட்டுவிடும். எடுத்தவர் அதை வீட்டுக்குக் கொண்டுபோகாமல் கோயிலுக்கே திருப்பிக் கொடுப்பதும் உண்டு. உடனே அதே தேங்காய் மறுபடி மேசைக்கு வரும்.

கோயிலும் பள்ளிக்கூடமும் ஒரே மதிலுக்குள் இருக்கிற ஊர்கள் இங்கே நிறைய. பள்ளிக்கூடத்துக்குக் கூரை மாற்ற வேண்டும், கழிப்பறை கட்ட வேண்டும் என்றால் முதலில் நினைவுக்கு வருவதும் இந்த மேசைதான். வெளிநாட்டில் பிள்ளைகளைப் படிக்க வைக்கிற நம்மூர்க்காரர்கள் விடுமுறைக்கு வரும்போது இன்னொரு வழி சொல்கிறார்கள்: மௌன ஏலம். அமெரிக்கப் பள்ளிகளில் பெற்றோர் சங்கங்கள் பணம் திரட்டுகிற சாதாரண முறை அது. பொருள்களை மேசைகளில் பரப்பி, ஒவ்வொன்றின் முன்னாலும் ஒரு தாள் வைப்பார்கள். தாளின் தலையில் பொருளின் விவரம், தொடக்க விலை, ஒவ்வொரு முறையும் குறைந்தது எவ்வளவு கூட்டிக் கேட்க வேண்டும் என்ற கணக்கு. வருகிறவர்கள் சுற்றிப் பார்த்து, வேண்டியதன் தாளில் தங்களுக்குத் தந்த எண்ணையும் கேட்கும் விலையையும் எழுதுவார்கள். அடுத்தவர் அதற்குக் கீழே கூடுதல் விலை எழுதுவார். மணி அடித்ததும் தாளை எடுத்துவிடுவார்கள். கடைசி வரியில் இருப்பவருக்குப் பொருள்.

“இதுல என்ன சுகம் இருக்கு?” என்று நம்ம அண்ணாச்சி கேட்பார். கேள்வி நியாயமானதுதான். கூவுகிற ஏலத்தில் விலை ஏறுவது பொருளுக்காக அல்ல, கேட்கிறவரின் பேருக்காக. 2024 ஏப்ரலில் காஷ்மீரின் சோப்பூர் பக்கத்தில் மசூதி கட்டுமானத்துக்கு நன்கொடை கேட்டுப் போனபோது ஒரு ஏழைத் தாய் கொடுத்தது ஒரே ஒரு முட்டை. அதை ஏலத்தில் விட்டார்கள். எடுத்தவர்கள் பணத்தைக் கட்டிவிட்டு முட்டையைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தார்கள். கடைசியில் ஒருவர் 70,000 ரூபாய்க்கு எடுத்தார். மொத்த வசூல் 2,26,000 ரூபாயைத் தாண்டியது. அந்த முட்டையை மேசையில் வைத்து முன்னால் ஒரு தாளும் வைத்திருந்தால் நூறு ரூபாய்கூட வந்திருக்காது. கூட்டத்தின் கண் முன்னால் கேட்டதால்தான் அந்த விலை.

ஆனால் அந்த மாதிரிக் கூட்டத்தில் வாய் திறப்பவர்கள் எத்தனை பேர்? நம் ஊர் ஏலத்தை உற்றுப் பார்த்தால் தெரியும். நாலைந்து ஆண்கள், அதிலும் இரண்டு பேருக்குள் பழைய போட்டி. மாமனார் முன்வரிசையில் இருக்க, மருமகள் எழுந்து “எண்ணூறு” என்று கேட்பதில்லை. பள்ளியின் சத்துணவுக்கூடத்தில் சமைக்கிற அக்கா கையில் இருநூறு ரூபாய் இருந்தாலும், ஆயிரத்தில் நிற்கிற ஏலத்தில் அதை எங்கே சொல்வாள்? பேரில்லாத பணத்துக்கு அந்த முற்றத்தில் இடமில்லை. மௌன ஏலம் இங்கே தேவைப்படுவதாக நான் நினைப்பது இதனால்தான்.

கொடுக்கிறவரின் பேர் என்பது இந்த மண்ணின் பள்ளிக்கூட வரலாற்றில் ஆரம்பத்திலிருந்தே கூட வருகிறது. லண்டன் மிஷனைச் சேர்ந்த சார்லஸ் மால்ட்டும் மனைவி மார்த்தாவும் 1819இல் நாகர்கோவில் வந்தார்கள். மார்த்தா பெண்பிள்ளைகளுக்கு விடுதியோடு பள்ளி நடத்தினார். அந்த விடுதிகளில் ஒரு பிள்ளையின் வருஷச் செலவை இங்கிலாந்தில் ஒருவர் ஏற்றுக்கொண்டால், அவர் சொல்கிற பேரை அந்தப் பிள்ளைக்கு வைப்பது வழக்கம். யாரோ முகம் தெரியாத சீமாட்டியின் பேரைச் சுமந்துகொண்டு ஒரு நாஞ்சில் நாட்டுச் சிறுமி கிணற்றில் தண்ணீர் இறைத்திருப்பாள். மின்விசிறி இறக்கையில் உபயதாரர் பேர் எழுதுவதைக் கேலி செய்கிறோம். அது எவ்வளவோ மேல்.

அதே பள்ளியில் இன்னொன்றும் நடந்தது. மார்த்தா பிறந்து வளர்ந்த இங்கிலாந்தின் ஹானிடன் லேஸ் பின்னலுக்குப் பேர்போன ஊர். அந்தக் கைவேலையை அவர் இங்கே பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார். நாகர்கோவில் லேஸ் விற்ற பணம் பள்ளியைத் தாங்கியது. பிள்ளைகளில் சிலர் அடிமைக் குடும்பங்களில் பிறந்தவர்கள். திருவிதாங்கூரில் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது 1855இல்தான். அதற்கு முன்பே சிலர் லேஸ் பின்னிச் சம்பாதித்த காசைக் கட்டித் தங்களை மீட்டுக்கொண்டார்கள். சீமையில் அந்த லேஸை வாங்கி ஆடையில் தைத்துக்கொண்டவருக்கு, பின்னியவளின் பேர் தெரியாது. நல்ல பொருள், நல்ல விலை, அவ்வளவே. பள்ளிக்காகப் பொருள் விற்பதில் இதைவிடக் கண்ணியமான முன்னுதாரணம் எனக்குத் தெரியவில்லை.

பேரில்லாமல் கொடுப்பதற்கு நம்மிடமே ஒரு முறை இருக்கிறது. பிடியரிசி. உலையில் போடுமுன் ஒரு பிடி அரிசியை எடுத்துத் தனிப்பானையில் போட்டுவைக்கிற பழக்கம் இங்கே சபைகளில் இன்னும் உண்டு. விருதுநகரில் 1889இல் தொடங்கிய சத்திரிய வித்தியாசாலை வீடுவீடாகச் சேர்ந்த பிடியரிசியில் ஓடிய பள்ளி. அங்கே படித்தவர் காமராசர். அவர் முதலமைச்சரானபின், கல்வித்துறை இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலுவின் முயற்சியில் 1958இல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் இதே யோசனையின் பெரிய வடிவம். கரும்பலகை, மணி, நாற்காலி, நிலம் என்று அவரவரால் ஆனதை ஊர்க்காரர்கள் பள்ளிக்குக் கொண்டுவந்து கொடுத்தார்கள். அந்தக் காமராசரைத்தான் 1969இல் நாகர்கோவில் தன் நாடாளுமன்ற உறுப்பினராகத் தேர்ந்தெடுத்தது.

சத்தமில்லாமல் விலை பேசுவதும் நமக்குப் புதிதல்ல. மாட்டுச்சந்தையில் தரகர் துண்டைப் போட்டு மூடி, அதற்கடியில் விரலைப் பிடித்து விலை சொல்வார். அங்கே மறைவது விலை. ஆள் எதிரில் நிற்கிறான். மௌன ஏலத்தில் விலை எல்லோர் கண்ணுக்கும் தெரியும், ஆள்தான் எண்ணுக்குப் பின்னால் போய்விடுகிறான். ஆகவே வாசலிலேயே ஒவ்வொருவருக்கும் ஒரு எண் கொடுத்து, பேர் தொலைபேசி விவரத்தைப் பதிவேட்டில் மட்டும் வைத்துக்கொள்ள வேண்டும். தாளில் பேர் எழுதச் சொன்னால் கதை முடிந்தது. “தலைவரே கேட்டிருக்காரு, நாம எதுக்கு மேல கேக்க?” என்று பாதிப் பேர் பேனாவை வைத்துவிடுவார்கள்.

எதை மேசையில் வைப்பது? இங்கேதான் பல குழுக்கள் கோட்டை விடுகின்றன. கடைகளில் கெஞ்சி வாங்கிய பிளாஸ்டிக் டப்பாவையும் சுவர்க்கடிகாரத்தையும் அடுக்கினால் யாரும் எழுதமாட்டார்கள். இந்த மாவட்டத்தில் பொருளுக்கா பஞ்சம்? வடசேரியில் செய்கிற கோயில் நகையில் ஒரு சின்ன ஜிமிக்கி, மயிலாடிக் கல்லில் செதுக்கிய விளக்கு, மார்த்தாண்டம் தேன், ஈத்தாமொழித் தேங்காய், 2023இல் புவிசார் குறியீடு பெற்ற மட்டிப் பழம். இவற்றைவிட ஒரு படி மேலே போகும் சங்கதிகளும் இருக்கின்றன. பள்ளி வளாகத்துச் சக்கை மரத்தின் ஒரு வருஷப் பாட்டம். மயிலாடிச் சிற்பியோடு உளி பிடித்துப் பழக ஒரு நாள். முந்திரிக்கொத்துக்குப் பேர்போன ஒரு பாட்டி உங்கள் வீட்டுக் கல்யாணத்துக்கு வந்து சுட்டுத் தருவதாக எழுதிக்கொடுத்த சீட்டு. கடையில் விலை பார்க்க முடியாத இந்த மாதிரிப் பொருளுக்குத்தான் தாள் நிரம்பும். பிள்ளைகள் வரைந்த படங்களை வைக்காதீர்கள். ஒரு பிள்ளையின் படம் இரண்டாயிரத்துக்குப் போய், பக்கத்துப் பிள்ளையின் தாள் வெறுமையாகக் கிடந்தால் அந்தப் பிள்ளைக்கு யார் பதில் சொல்வது? வகுப்பே சேர்ந்து செய்த ஒன்று என்றால் சரி.

தொடக்க விலையைச் சந்தை மதிப்பில் மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் வைக்கலாம். அதற்கு மேல் வைத்தால் முதல் ஆள் வரமாட்டார். முதல் ஆள் வராத தாளுக்கு இரண்டாம் ஆளும் வரமாட்டார். சில மேசைகளையாவது நூறு இருநூறில் தொடங்கும் பொருள்களுக்கென்றே ஒதுக்குங்கள். எல்லா மேசையையும் ஒரே நேரத்தில் மூட வேண்டாம். கடைசி நிமிஷத்தில் பேனாவோடு பதுங்கி நிற்கிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. மேசை மேசையாகக் கால்மணி இடைவெளியில் மூடினால் தோற்றவர் அடுத்த மேசைக்காவது போவார்.

கணக்கு விஷயத்தில் முன்னெச்சரிக்கை தேவை. பொருளாகக் கொடுத்த நன்கொடைக்கு வருமான வரிச் சட்டத்தின் நன்கொடைச் சலுகை கிடையாது. ரொக்கம் 2,000 ரூபாய்க்கு மேல் போனாலும் கிடையாது. சலுகை கிடைப்பதும் பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு, அதுவும் அந்தச் சலுகைக்கான பதிவுள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான். “வரி விலக்கு உண்டு” என்று அழைப்பிதழில் அச்சடிக்குமுன் தணிக்கையாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவைத் தாண்டி எதுவும் செய்யக்கூடாது. நேரடியாகப் பணமே கொடுக்க நினைப்பவர்களுக்கு 2022 டிசம்பரில் அரசு தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டமும் இருக்கிறது.

வந்த பணம் எதற்கு என்பதை ஏலத்துக்கு முன்பே முடிவு செய்துவிட வேண்டும். அதற்கும் இங்கேயே ஓர் உதாரணம் உண்டு. மால்ட் தம்பதிக்குச் சற்று முன்னால், பிரிட்டிஷ் ரெசிடெண்டாக இருந்த கர்னல் மன்றோ சொல்லி, திருவிதாங்கூர் ராணி கௌரி பார்வதி பாய் மிஷனுக்கு 5,000 ரூபாய் கொடுத்தார். அதைக் கட்டிடத்தில் போடாமல் நெல்வயல் வாங்கினார்கள். நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மீட் தொடங்கிய ஆங்கிலப் பள்ளி அந்த வயல் வருமானத்தில் பல பத்தாண்டுகள் நடந்தது. இன்று வயலுக்குப் பதில் வங்கி வைப்புநிதி என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கும் பொறுமையில்லை, உடனே செலவு இருக்கிறது என்றால், அதைப் பொத்தாம்பொதுவாகப் ‘பள்ளி வளர்ச்சி’ என்று சொல்லாமல், ஒவ்வொரு தாளின் தலையிலும் தெளிவாக எழுதிவிடுங்கள்: ஆறாம் வகுப்புப் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குக் கதவு, தாழ்ப்பாள், தண்ணீர்க்குழாய்.