அடிமனை இல்லாத ஊர்

வீடு உங்களுடையது, அது நிற்கிற மனை உங்களுடையதல்ல. கோயில் நிலத்தில் வீடு கட்டிக்கொண்டு அடிமனை வாடகை செலுத்தி வருபவர்களுக்கு இந்தச் சங்கடத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை. கலிஃபோர்னியாவில் ஓர் ஊர் முழுக்க 89 ஆண்டுகள் இப்படித்தான் இருந்தது. ஊரின் பெயர் லாக். மாநிலத் தலைநகரான சாக்ரமெண்டோவிலிருந்து தெற்கே ஐம்பது கிலோமீட்டர் போல, சாக்ரமெண்டோ ஆற்றின் கரையில் இருக்கிறது. சீனர்கள் தங்களுக்கென்று தாங்களே கட்டிக்கொண்ட ஊர் இது. அமெரிக்கக் கிராமப்புறத்தில் அப்படி எழுந்தவற்றில், பழைய உருவம் குலையாமல் எஞ்சி நிற்பதில் இதுவே பெரியது.

பெரியது என்றால் மலைத்துவிட வேண்டாம். மெயின் தெரு ஒன்று, அதன் பின்னால் கீ தெரு, நடுவே சந்துகள், பின்புறம் தோட்டங்கள். ஐந்து நிமிடத்தில் நடந்து முடித்துவிடலாம். மரப்பலகைச் சுவர், தகரக் கூரை, தெருவை நோக்கித் துருத்திக்கொண்டிருக்கும் மாடி வராந்தாக்கள். அஸ்திவாரத்துக்குக் கீழே சதுப்பு மண் என்பதால் பல கட்டடங்கள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்த மாதிரி நிற்கின்றன.

ஆற்றின் கரை மேடு ஊரைவிட உயரம். மேட்டின் மேல் சாலை ஓடுகிறது. ஊர் உள்சரிவில், பள்ளத்தில். அதனால் மேட்டை ஒட்டிய கட்டடங்களுக்கு இரண்டு வாசல். மாடிக் கதவைத் திறந்தால் ஆற்றுச் சாலை, கீழ்த்தளக் கதவைத் திறந்தால் மெயின் தெரு. ஒரே கட்டடத்தில் மேலே ஒரு கடை, கீழே வேறொரு கடை; இரண்டும் தரைமட்டம்.

அந்தக் கரை மேட்டைப் போட்டதும் சீனர்கள்தான். சாக்ரமெண்டோவும் சான் வாகீன் ஆறும் கலக்கும் இந்தக் கழிமுகம் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை கோரை மண்டிக் கிடந்த சதுப்பு நிலம். 1869-ல் கண்டம் கடந்த ரயில் பாதை முடிந்ததும், அதில் வேலை பார்த்த ஆயிரக்கணக்கான சீனத் தொழிலாளர்கள் கைக்கு வேலையில்லாமல் நின்றார்கள். நிலத்தை மீட்டு விற்க நினைத்த கம்பெனிகள் அவர்களைக் கழிமுகத்துக்குக் கொண்டுவந்தன. இடுப்பளவு நீரில் நின்று மண் வெட்டி, தள்ளுவண்டியில் ஏற்றிக் கரை போட வேண்டும். கன கெஜக் கணக்கில் கூலி. மலேரியா கூடுதல் வரவு. சேற்றில் குதிரைகள் புதைந்தபோது, அவற்றின் குளம்பில் மாட்ட அகலமான ஒரு காலணியைச் செய்ததும் இவர்கள்தான் என்று சொல்வார்கள். 1870-களின் இறுதியில் தூர்வாரும் இயந்திரங்கள் வந்து கை வேலையைப் பிடுங்கிக்கொண்டன. கரை போட்டவர்களில் பலர் அதே மண்ணில் குத்தகைக்கும் வாரத்துக்கும் உருளைக்கிழங்கும் வெங்காயமும் பீன்ஸும் பயிரிட்டார்கள். பின்னால் அஸ்பாரகஸும் பேரிக்காய்த் தோப்பும் வந்தன. எல்லாவற்றுக்கும் குனிந்து நிமிரும் ஆட்கள் தேவைப்பட்டார்கள்.

ஆட்கள் வேண்டும், குடும்பங்கள் வேண்டாம் என்பதுதான் அன்றைய அமெரிக்காவின் கொள்கை. 1882-ன் சீனர் விலக்குச் சட்டம் தொழிலாளர்கள் வருவதைத் தடுத்தது. ஏற்கெனவே வந்தவர்கள் குடியுரிமை பெற முடியாது என்றும் சொன்னது. 1913-ல் கலிஃபோர்னியா இன்னொரு முடிச்சுப் போட்டது. குடியுரிமை பெறத் தகுதியில்லாத அந்நியர் விவசாய நிலம் வாங்கக் கூடாது. குத்தகைக்கு எடுத்தாலும் மூன்று ஆண்டுக்கு மேல் கூடாது. அப்போது வேகமாக வளர்ந்துகொண்டிருந்த ஜப்பானிய விவசாயிகளை மனத்தில் வைத்துப் போட்ட சட்டம்தான். ஆனால் அந்த வலையில் சீனர்களும் விழுந்தார்கள். 1920-ல் ஓட்டைகளை அடைத்து அதை இன்னும் இறுக்கினார்கள்.

இந்தச் சூழலில், 1915 அக்டோபரில், பக்கத்து ஊரான வால்நட் குரோவின் சீனக் குடியிருப்பு தீப்பற்றி எரிந்தது. அங்கே இருந்த சீனர்களும் ஒரே கூட்டமல்ல. பெரும்பாலோர் தென்சீனத்தின் கான்டன் மாகாணத்திலிருந்து வந்தவர்கள்தான் என்றாலும், சே யாப் பகுதிக்காரர்களுக்கும் ஜோங்ஷான் மாவட்டத்தாருக்கும் பேச்சு வழக்கு வேறு, சங்கம் வேறு, வியாபாரப் போட்டியும் உண்டு. எரிந்த இடத்திலேயே மறுபடி சேர்ந்து குடியேற வேண்டுமா என்று ஜோங்ஷான்காரர்கள் யோசித்தார்கள். லீ பிங் என்ற வியாபாரி சிலரைச் சேர்த்துக்கொண்டு, கொஞ்சம் வடக்கே பேரிக்காய்த் தோப்பு வைத்திருந்த ஜார்ஜ் லாக்கிடம் போனார். அந்த இடம் அவர்களுக்குப் புதிதல்ல. 1912-லேயே சான் டின் சான் என்பவர் அங்கே ஒரு கட்டடம் கட்டியிருந்தார். அதைப் பார்த்து இன்னும் இரண்டு வந்திருந்தன. மனைக்கு வாடகை தருகிறோம், கட்டடம் எங்களுடையது என்று பேசி முடித்தார்கள். எழுத்தில் எதுவும் இல்லை.

கைகுலுக்கலில் பிறந்த ஊர் என்று இதைச் சுற்றுலாக் கையேடுகள் சிலாகிக்கின்றன. எனக்கு அந்தச் சிலாகிப்பு பிடிப்பதில்லை. எழுதி வாங்கச் சட்டம் இடம் கொடுக்காதபோது வாய்வார்த்தை தவிர வேறு என்ன கதி? ஜார்ஜ் லாக் சொன்ன சொல் காத்தார், அது நிஜம். வாடகையும் சொற்பம். ஆனால் அவருக்குப் பின்னால் வருகிறவர் எப்படியோ என்ற கேள்வியை இந்த ஊர் மூன்று தலைமுறைக்குச் சுமக்க வேண்டியிருந்தது.

கட்டடங்கள் மளமளவென்று எழுந்தன. 1920-களில் நிரந்தரமாகக் குடியிருந்தவர்கள் சுமார் 600 பேர். அறுவடைக் காலத்தில் ஆயிரம் தாண்டும். உணவகங்கள், ரொட்டிக் கடை, மூலிகை மருந்துக் கடை, மீன் கடைகள், தங்கும் விடுதிகள், சீனக் கூத்து நடந்த ஸ்டார் தியேட்டர், ஐந்து சூதாட்ட விடுதிகள். மதுவிலக்கு இருந்த 1920 முதல் 1933 வரை கள்ளச் சாராயமும் தாராளம். பாலியல் தொழில் விடுதிகளும் இருந்தன. அவற்றை நடத்தியவர்கள் வெள்ளையர்கள். தங்கள் ஊரில் நடத்த முடியாததை நடத்த அவர்களுக்குச் சீனர் ஊர் வசதியாக இருந்தது, பழியைப் போடவும்.

சூதாட்ட விடுதி என்றதும் முகம் சுளிக்கத் தோன்றும். டாய் லாய் விடுதியைப் பற்றித் தெரிந்துகொண்டால் அவ்வளவு சுலபமாகச் சுளிக்க முடியாது. 1916-ல் திறந்த இது இன்று அருங்காட்சியகம். மேசைகளும் சீட்டுகளும் அப்படியே இருக்கின்றன. இங்கே ஆடிய ஃபேன்-டான் மிக எளிய ஆட்டம். நடத்துகிறவர் மேசை நடுவே ஒரு குவியல் பொத்தான்களை எடுத்து, கிண்ணத்தைக் கவிழ்த்து மூடுவார். பணம் கட்டி முடிந்ததும் கிண்ணத்தைத் தூக்கி, மெல்லிய குச்சியால் நான்கு நான்காகப் பொத்தான்களை ஒதுக்கிக்கொண்டே வருவார். கடைசியில் மிஞ்சுவது ஒன்றா, இரண்டா, மூன்றா, நான்கா என்பதில்தான் பந்தயம். கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குச்சியின் நுனியையே பார்த்திருக்கும். லாட்டரியும் உண்டு. சீனப் பிள்ளைகள் எழுத்துக் கற்கும் ஆயிரம் எழுத்துப் பாடத்தின் முதல் 80 எழுத்துகளைச் சீட்டில் அச்சிட்டிருப்பார்கள். விருப்பமான எழுத்துகளை மையிட்டுக் கொடுத்துவிட்டு, குலுக்கலுக்குக் காத்திருக்க வேண்டும். இன்று அமெரிக்கச் சூதாட்ட மாளிகைகளில் கீனோ என்ற பெயரில் நடப்பது இதன் வாரிசுதான்.

ஆட்டத்துக்காக மட்டும் ஆட்கள் வரவில்லை. தோப்பில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் தனி ஆட்கள். மனைவியும் பிள்ளையும் கடலுக்கு அப்பால். அழைத்து வரச் சட்டம் விடாது. போய்ப் பார்த்துத் திரும்பி வருவதும் நிச்சயமில்லை. பகல் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு, அறைக்குப் போனால் கட்டிலும் சுவரும்தான். விடுதியில் தேநீர் கிடைக்கும், ஊர்ச் செய்தி கிடைக்கும், எந்தத் தோப்பில் ஆள் எடுக்கிறார்கள் என்ற தகவல் கிடைக்கும். நம் ஊர் டீக்கடை பெஞ்சு செய்கிற அத்தனை வேலையையும் அது செய்தது. கூடவே பையையும் காலி செய்தது. 1951-ல் மாநில அரசு சூதாட்ட விடுதிகளை மூடியது. அதே மாநில அரசு 1985-ல் தானே லாட்டரிச் சீட்டு விற்க ஆரம்பித்தது என்பதையும் சொல்லிவைக்கலாம்.

ஜோங்ஷான் மாவட்டம் சீனக் குடியரசு இயக்கத்தின் தலைவர் சன் யாட்-சென் பிறந்த மண். அதனால் அந்த இயக்கத்தின்மேல் லாக் ஊருக்குத் தனிப் பாசம். 1926-ல் அவருடைய கோமிண்டாங் கட்சிக்காரர்கள் கட்டிய கூடம் பிள்ளைகளின் சீனப் பள்ளியானது. பிற்பாடு பெருவணிகர் ஜோ ஷூங்கின் நன்கொடையில் புதுப்பிக்கப்பட்டு அவர் பெயரைத் தாங்கியது. பகலில் ஆங்கிலப் பள்ளி, முடிந்ததும் சீனப் பள்ளி. அந்த ஆங்கிலப் பள்ளியும் எல்லாருக்கும் பொதுவானதாக இருக்கவில்லை. வால்நட் குரோவில் சீன, ஜப்பானியப் பிள்ளைகளுக்கென்று தனிப் பள்ளி ஒதுக்கியிருந்தார்கள். அங்கே படித்த பிள்ளைகள் அதை மறந்ததாகத் தெரியவில்லை.

ஊரின் பின்பக்கத் தோட்டங்களை விட்டுவிட்டு லாக்கைப் பற்றி எழுத முடியாது. பந்தலில் பாகற்காய், தரையில் வெண்பூசணி, கொம்பில் ஏறும் நீளக் காராமணி. நம் வீட்டுக் கொல்லையில் புழங்கும் பெயர்கள்தான் எல்லாம். கான்டன் சமையலில் பாகற்காயை உப்பிட்டுப் பிழிந்து, புளிக்க வைத்த கறுப்பு சோயா மொச்சையோடு வதக்குவார்கள். கசப்பை முழுக்கப் போக்கடிக்க யாரும் முனைவதில்லை. லாக்கின் முதியவர்களை நேரில் கண்டு தொகுத்து ஜெஃப் கில்லன்கிர்க்கும் ஜேம்ஸ் மாட்லோவும் 1987-ல் வெளியிட்ட நூலுக்கும் பாகற்காய் என்றே பெயர் வைத்தார்கள்.

வெளியார் கடை என்று முதலில் வந்தது 1934-ல். அல் அடாமி என்ற இத்தாலிய வம்சாவளிக்காரர், மெயின் தெருவில் ஒரு கட்டடத்தை வாங்கி மதுக்கடையும் உணவகமும் வைத்தார். மாட்டிறைச்சி வறுவலோடு தொட்டுக்கொள்ள மேசைக்கு மேசை நிலக்கடலை வெண்ணெய் வைப்பது இங்கே வழக்கம். கூரை முழுக்க வாடிக்கையாளர்கள் ஒட்டிய டாலர் நோட்டுகள். லாக்குக்கு வார இறுதியில் வருகிறவர்களில் பாதிப்பேர் இதற்காகத்தான் வருகிறார்கள், வரலாற்றுக்காக அல்ல. வரட்டும், வழியில் டாய் லாயையும் எட்டிப் பார்ப்பார்கள்.

1943-ல் விலக்குச் சட்டம் நீங்கியது. ஆனால் ஆண்டுக்கு 105 சீனருக்கு மட்டுமே அனுமதி. அந்நியர் நிலச் சட்டத்தை 1952-ல் கலிஃபோர்னிய உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. ஜப்பானியரான செய் ஃபூஜி தொடுத்த வழக்கு அது. இனி மனை வாங்கலாமே என்றால், லாக்கில் அதற்கும் வழியில்லை. ஊர் முழுக்கத் தோப்போடு சேர்ந்த ஒரே நிலம். மனைமனையாகப் பிரித்ததே இல்லை. லாக்கின் வாரிசுகள் பிரித்து விற்கவும் இல்லை. மனை சொந்தமில்லாத கட்டடத்தின்மேல் வங்கி கடன் தராது. கடன் இல்லாமல் இடித்துக் கட்ட முடியாது. படித்த பிள்ளைகள் சாக்ரமெண்டோவிலும் சான் ஃபிரான்சிஸ்கோவிலும் வீடு வாங்கிக்கொண்டு போனார்கள். இருந்தவர்கள் ஒழுகிய இடத்தில் தகரம் அடித்தார்கள், சாய்ந்த இடத்தில் முட்டுக் கொடுத்தார்கள். கழிமுகத்தின் மற்ற சீனக் குடியிருப்புகள் தீயிலும் புதுக் கட்டடங்களிலும் கரைந்துபோக, லாக் மட்டும் 1920-களின் முகத்தோடு நின்றதற்கு இந்த முடக்கமே பெரிய காரணம் என்று நினைக்கிறேன். ‘பாதுகாக்கப்பட்டது’ என்ற சொல் அறிவிப்புப் பலகையில் நன்றாக இருக்கிறது. பாதுகாத்தவர்கள் என்று யாரும் இல்லை. மாற்ற முடியாதவர்கள்தான் இருந்தார்கள்.

1977-ல் லாக் குடும்பம் ஊரையும் சுற்றியுள்ள நிலத்தையும் ஹாங்காங் முதலீட்டாளர் ஒருவருக்கு விற்றது. சுற்றுலாத் தலம், புது வீடுகள் என்று திட்டங்கள் பேசப்பட்டன, தாளோடு நின்றன. 1990-ல் தேசிய வரலாற்றுச் சின்னம் என்ற உச்ச அங்கீகாரம் வந்தது. பட்டயம் வந்ததே தவிர, பழைய கழிவுநீர்ப் பிரச்சினை தீரவில்லை, மனைக் கேள்வியும் தீரவில்லை. 2001-ல் சாக்ரமெண்டோவின் வீட்டுவசதி, மறுமேம்பாட்டு அமைப்பு ஊர் நிலத்தை வாங்கியது. கழிவுநீர்க் குழாய்களைச் சீராக்கி, நிலத்தை முதன்முறையாக மனைகளாகப் பிரித்து, 2004-ல் கட்டட உரிமையாளர்களுக்கே விற்றது.

பத்திரம் கைக்கு வந்தபோது வாங்கிக்கொள்ள இருந்த சீன வம்சாவளியினர் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர். மற்ற உரிமையாளர்கள் பெரும்பாலும் 1970-களுக்குப் பிறகு குறைந்த வாடகையைத் தேடி வந்த ஓவியர்கள், கைவினைஞர்கள், சின்னக் கடைக்காரர்கள். அவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒழுகும் கூரைக்குக் கீழே அவர்களும் பல மழைக்காலம் இருந்தவர்கள்தான். ஆனால் 1915-ல் கேட்டவர்களுக்கு மறுத்ததை 2004-ல் கொடுத்துவிட்டுக் கணக்கு நேராகிவிட்டது என்று யாராவது சொன்னால், அதை ஒப்புக்கொள்ள முடியாது.

இன்று ஊரில் இருப்பவர்கள் நூறு பேருக்கும் குறைவு. கட்டடங்களின் வெளித்தோற்றத்தை மாற்றக் கட்டுப்பாடுகள் உண்டு. சீனப் பள்ளியும், பழைய விடுதி ஒன்றும், ஜோங்ஷான்காரர்களின் ஜான் யிங் சங்கக் கட்டடமும் பார்வையாளருக்குத் திறந்திருக்கின்றன. லாக் அறக்கட்டளை வசந்த விழா நடத்துகிறது. சிங்க நடனக் குழுவின் மேளச் சத்தம் மெயின் தெருவை நிறைக்கிறது; பலகைச் சுவர்களுக்கு நடுவே அந்தச் சத்தம் இரட்டிப்பாகக் கேட்கிறது. நகரங்களில் குடியேறிவிட்ட பேரப்பிள்ளைகள் அன்று குடும்பத்தோடு வருகிறார்கள். தாத்தா தங்கியிருந்த அறை எது என்று தேடி, தம் பிள்ளைகளுக்குக் காட்டிவிட்டு, தோட்டக்காரர்களிடம் காய்கறி வாங்கிக்கொண்டு போகிறார்கள்.