சென்னை - பெங்களூரு நெடுஞ்சாலை: ரோட்டில் ஓடும் குடோன்!

வீக்எண்டுக்கு ஊர் வந்து போகும் ஐ.டி. பசங்களுக்கு இது ஆம்பூர் பிரியாணி ரூட். ஆனால், இந்தச் சாலையை நம்பித் தொழில் நடத்துபவர்களைக் கேட்டால், 'இதுதான் எங்க குடோன்' என்பார்கள்.

அதெப்படி? ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கம் உள்ள கார் ஆலைகள் உதிரிபாகங்களை மாதக்கணக்கில் வாங்கி அடுக்குவதில்லை. அன்றன்றைக்குத் தேவையானது லாரியில் வந்து இறங்கும். ரோடு மோசம், லாரி எப்போது வரும் என்றே தெரியாது என்றால், கூடுதலாக ஸ்டாக் வைத்தே ஆக வேண்டும். ஸ்டாக் என்பது முடங்கிக் கிடக்கும் பணம். அதற்கும் வட்டி ஓடும்.

இதை அளந்தே பார்த்திருக்கிறார்கள். தங்க நாற்கரச் சாலை வந்த பிறகு, அதையொட்டிய நகரங்களில் இருந்த நிறுவனங்கள் தங்கள் மூலப்பொருள் கையிருப்பை 6 முதல் 12 நாள் உற்பத்திக்குத் தேவையான அளவு குறைத்துக்கொண்டன என்கிறது பொருளாதார ஆய்வாளர் சவுகதோ தத்தா 2012-ல் வெளியிட்ட ஆய்வு. தினமும் 2 லட்ச ரூபாய்க்குச் சரக்கு தேவைப்படும் ஒரு சின்ன பட்டறையை வைத்து யோசியுங்கள். 6 நாள் என்றாலே 12 லட்சம் கைக்கு வரும்!

அதற்காக ரோடு போட்டால் போதும், எல்லாம் தானாக வந்துவிடும் என்றும் சொல்ல முடியாது. 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா, 2014-ல் மூடியபோதும் வாசலில் இதே ரோடுதான் இருந்தது.

இப்போது கேள்வியே வேறு. புதிதாக வரும் 262 கி.மீ. எக்ஸ்பிரஸ்வே, ஹோஸ்கோட்டே, சித்தூர், குடியாத்தம், ராணிப்பேட்டை பக்கமாகப் போகிறது. ஷூ தைக்கும் ஆம்பூரும், மாம்பழக்கூழ் அனுப்பும் கிருஷ்ணகிரியும், டூவீலரும் ரோஜாவும் தரும் ஓசூரும் அதில் இல்லை. நெடுந்தூர லாரிகள் அந்தப் பக்கம் போய்விட்டால் பழைய ரோட்டில் நெரிசல் குறையும். ஷூ கன்டெய்னர் துறைமுகத்துக்குச் சீக்கிரம் போகும். அடி வாங்கப்போவது தாபா, பஞ்சர் கடை, லாரி மெக்கானிக்குகள்தான். எக்ஸ்பிரஸ்வேயில் நினைத்த இடத்தில் ஏறி இறங்க முடியாது. ரோட்டோரம் கடையும் போட முடியாது.

இதைவிடப் பெரிய கவலை, பழைய ரோட்டை அப்படியே விட்டுவிடுவார்களோ என்பதுதான். மதுரவாயல் - வாலாஜாபேட்டை பகுதி மோசமாக இருந்ததால், பாதி சுங்கக் கட்டணம் மட்டும் வசூலிக்கும்படி 2020-ல் சென்னை உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.