ஆஸ்திரேலிய வாடகை வீடுகளின் வரித் தேய்மானமும் கணிய அளவையாளரும்

கணிய அளவையாளர் அல்லது குவான்டிட்டி சர்வேயர் என்பவர், ஒரு கட்டடத்துக்கு வேண்டிய பொருள்கள், கூலி, பிற செலவுகள் ஆகியவற்றை அளந்து கணக்கிடும் வல்லுநர் ஆவார். ஆஸ்திரேலியாவில் இவர்களுக்கு இன்னொரு பணியும் உண்டு. வீடு வாங்கி வாடகைக்கு விடுபவர்கள் வருமான வரியில் தேய்மானக் கழிவு பெறுவதற்கான அட்டவணையை இவர்கள் தயாரித்துத் தருகின்றனர்.

பின்னணி

கட்டடமும் அதிலுள்ள பொருள்களும் ஆண்டுதோறும் பழையனவாகி மதிப்பிழக்கின்றன. வாடகை வருமானம் ஈட்டப் பயன்படும் சொத்தில் ஏற்படும் இந்த இழப்பைச் செலவாகக் காட்டி, வரிக்குரிய வருமானத்தைக் குறைத்துக்கொள்ள ஆஸ்திரேலியாவின் 1997ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டம் இடமளிக்கிறது. நிலம் தேய்வதில்லை என்பதால் நிலத்தின் விலைக்குக் கழிவு கிடையாது.

வீடு வாங்கியவருக்குத் தெரிந்தது அவர் கொடுத்த விலை மட்டுமே. அதில் நிலம், கட்டடம், உள்ளிருக்கும் பொருள்கள் எல்லாம் சேர்ந்திருக்கும். சட்டம் கேட்பதோ கட்டடத்தை எழுப்ப அன்று ஆன செலவை. பழைய வீடுகளுக்கு அந்தக் கணக்கு பெரும்பாலும் கிடைப்பதில்லை. விடுபட்ட இந்த எண்ணைக் கண்டறிவதே கணிய அளவையாளரின் முதன்மைப் பணியாகும்.

கழிவின் இரு வகைகள்

1. மூலதனப் பணிக் கழிவு: இது சட்டத்தின் 43ஆம் பிரிவில் அடங்கும். சுவர், கூரை, தரை, கதவு, குழாய்கள், மின்கம்பிகள் முதலிய கட்டடப் பகுதிகள் இதற்குரியவை. 1987 செப்டம்பர் 15க்குப் பின் கட்டத் தொடங்கிய குடியிருப்புகளுக்கு, கட்டுமானச் செலவில் ஆண்டுக்கு 2.5 சதவீதம் என 40 ஆண்டுகளுக்குக் கழிவு கிடைக்கும். 1985 ஜூலை 18 முதல் 1987 செப்டம்பர் 15 வரை கட்டத் தொடங்கியவற்றுக்கு 4 சதவீதம் வீதம் 25 ஆண்டுகள் என்பது விதி. அக்காலம் இப்போது முடிந்துவிட்டது. அதற்கும் முந்தைய வீடாக இருந்தாலும், பின்னர் செய்த விரிவாக்கம், சமையலறைப் புதுப்பிப்பு போன்ற பணிகளுக்குத் தனியே கழிவு உண்டு. அப்பணிகளை முந்தைய உரிமையாளர் செய்திருந்தாலும் இது பொருந்தும்.

2. தேயும் சொத்துகள்: இவை 40ஆம் பிரிவில் அடங்கும். தரைவிரிப்பு, திரைச்சீலை, குளிரூட்டி, வெந்நீர்க் கலன், அடுப்பு முதலியன இவ்வகை. ஒவ்வொன்றுக்கும் அதன் பயன்பாட்டுக் காலத்தை வைத்துத் தேய்மானம் கணக்கிடப்படும். 2,000 டாலர் விலையும் 10 ஆண்டுப் பயன்பாட்டுக் காலமும் கொண்ட ஒரு பொருளுக்கு நேர்கோட்டு முறையில் ஆண்டுதோறும் 200 டாலர் கழியும். குறைந்து செல் மதிப்பு முறையில் முழு ஆண்டுக்கு 20 சதவீதம் என்பதால் முதலாண்டில் 400, இரண்டாம் ஆண்டில் 320 எனக் கழிவு தொடக்கத்தில் மிகுந்து பின்னர் குறையும்.

ஒரு பொருள் எந்த வகையைச் சேர்ந்தது என்பதைப் பொறுத்துக் கழிவு பெரிதும் மாறும். தரையில் ஒட்டிய ஓடுகள் கட்டடத்தின் பகுதி. விரிக்கப்பட்ட தரைவிரிப்பு தேயும் சொத்து.

செலவைக் கண்டறியும் முறை

கணிய அளவையாளர் வீட்டை நேரில் பார்த்து அறைகளை அளப்பார். கட்டுமானப் பொருள்களின் தரத்தைக் குறித்துக்கொண்டு படம் எடுப்பார். வரைபடங்கள், உள்ளாட்சி மன்ற அனுமதி ஆவணங்கள் ஆகியவற்றிலிருந்து கட்டிய காலத்தையும் பிற்கால மாற்றங்களையும் அறிவார். பின்னர் அக்காலத்துப் பொருள் விலை, கூலி நிலவரப்படி செலவை மதிப்பிடுவார். இன்று அதே வீட்டைக் கட்ட ஆகும் செலவு இங்கு கணக்கில் வராது.

உண்மையான செலவு தெரியாதபோது யார் மதிப்பிடலாம் என்பதை ஆஸ்திரேலிய வரி அலுவலகம் டி.ஆர். 97/25 என்னும் தீர்ப்புரையில் விளக்கியுள்ளது. கணிய அளவையாளர் அத்தகுதி உடையவர்களில் ஒருவர். சொத்து மதிப்பீட்டாளர், வீட்டுத் தரகர், கணக்காளர், வழக்கறிஞர் ஆகியோர் அதற்குரிய தனித் தகுதி பெற்றிராவிட்டால் அவர்களின் மதிப்பீடு பொதுவாக ஏற்கப்படாது. கட்டணம் பெற்று இவ்வட்டவணையைத் தயாரிக்கும் கணிய அளவையாளர் வரித்தொழிலர் வாரியத்தில் வரி முகவராகப் பதிவு பெற்றிருக்கவும் வேண்டும்.

எடுத்துக்காட்டு

2007 ஜூலையில் கட்டி முடித்த வீடு ஒன்றை ஒருவர் 2022 ஜூலையில் 6,50,000 டாலருக்கு வாங்கி வாடகைக்கு விடுவதாகக் கொள்வோம். 2007இல் கட்டுமானச் செலவு 1,80,000 டாலர் என மதிப்பிடப்பட்டால், ஆண்டுக் கழிவு 4,500 டாலர். 40 ஆண்டுகளில் 15 கடந்துவிட்டதால் இன்னும் 25 ஆண்டுகளுக்கு இதைக் கோரலாம். அவர் 30 சதவீத வரி செலுத்துபவர் எனில் ஆண்டுக்கு 1,350 டாலர் வரி குறையும். 4,500 டாலரும் அப்படியே கைக்கு வரும் என எண்ணுவது பலரும் செய்யும் தவறு.

2017ஆம் ஆண்டின் மாற்றம்

ஒரே குளிரூட்டிக்கு ஒவ்வொரு புதிய உரிமையாளரும் மீண்டும் மதிப்பிட்டுக் கழிவு கோரும் வழக்கத்தைத் தடுக்க, 2017இல் சட்டம் திருத்தப்பட்டது. 2017 மே 9 மாலை 7.30 மணிக்குப் பின் ஒப்பந்தமிட்டு வாங்கிய குடியிருப்பில் ஏற்கெனவே பயன்படுத்தப்பட்ட பொருள்களுக்குத் தனிநபர் முதலீட்டாளர் பொதுவாகத் தேய்மானம் கோர முடியாது. தாம் குடியிருந்த வீட்டைப் பின்னர் வாடகைக்கு விடுபவருக்கும் இத்தடை உண்டு. புதிதாக வாங்கிப் பொருத்தும் பொருள்களுக்குத் தடையில்லை. மூலதனப் பணிக் கழிவையும் இத்திருத்தம் தொடவில்லை. எனவே மேற்கண்ட எடுத்துக்காட்டில் 4,500 டாலர் கழிவு உண்டு. வீட்டோடு வந்த பழைய தரைவிரிப்புக்குக் கழிவு இல்லை.

விற்கும்போது ஏற்படும் விளைவு

இக்கழிவு முழுவதும் இலவசமன்று. 1997 மே 13க்குப் பின் வாங்கிய சொத்தை விற்கும்போது, அதுவரை கோரிய மூலதனப் பணிக் கழிவு சொத்தின் அடக்கவிலையிலிருந்து குறைக்கப்படும். மேற்கண்டவர் 10 ஆண்டுகளுக்குப் பின் விற்றால் அவரது மூலதன இலாபம் 45,000 டாலர் கூடுதலாகக் கணக்கிடப்படும். ஆகவே இது பெருமளவில் வரியைத் தள்ளிப்போடும் ஏற்பாடே. எனினும் அப்பணம் இடைப்பட்ட ஆண்டுகளில் கையில் இருப்பதும், இலாப வரிச் சலுகை பொருந்தினால் பின்னர் கட்டும் வரி குறைவதும் முதலீட்டாளருக்கு நன்மையாகும்.

அட்டவணைக்குக் கொடுக்கும் கட்டணத்தையும் வரிச் செலவாகக் காட்டலாம். அட்டவணை பல ஆண்டுகளுக்குப் பயன்படும். புதுப்பிப்புப் பணி நடந்தால் அதைத் திருத்திக்கொள்ள வேண்டும். கட்டுமானக் கணக்கு முழுமையாகக் கையில் உள்ள புது வீட்டுக்குச் செலவு மதிப்பீடு தேவைப்படாமலும் போகலாம். 1985க்கு முன் கட்டப்பட்டு, எந்தப் புதுப்பிப்பும் காணாத வீட்டுக்குக் கழிவு மிகக் குறைவாகவே இருக்கும். எனவே கட்டணம் செலுத்துவதற்கு முன், வீடு கட்டிய ஆண்டு, வாங்கிய நாள், நடந்த புதுப்பிப்புகள் ஆகிய மூன்றையும் சொல்லிக் கழிவு எவ்வளவு வரும் எனக் கேட்டறிவது நல்லது.