பல் முளைக்கிறது என்று பேதியை விட்டுவிடாதீர்கள்

எட்டு மாதக் குழந்தைக்கு மூன்று நாளாகத் தண்ணீராகப் போகிறது. கண் குழிந்து, உச்சிக்குழி அமுங்கி, அழத் தெம்பில்லாத நிலையில் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருகிறார்கள். ஏன் இத்தனை நாள் வைத்திருந்தீர்கள் என்று கேட்டால், "பல்லு மொளைக்குதுல்ல, அதான் வயித்தால போகுதுன்னு இருந்துட்டோம்" என்கிறார்கள். படித்த வீட்டிலும் இதே பதில், படிக்காத வீட்டிலும் இதே பதில். சிலர் வரும் வழியில் தொக்கம் எடுப்பவரிடமும் காட்டிவிட்டுத்தான் வருகிறார்கள்.

பல் முளைப்பதால் பேதி வராது. பல் முளைப்பதால் காய்ச்சல் கொதிக்காது. ஈறு தடிக்கும், எச்சில் வழியும், குழந்தை சிணுங்கும், ராத்திரி இரண்டு தடவை கூடுதலாக எழுந்திருக்கும். அவ்வளவுதான். உடம்புச் சூடு சற்றே கூடலாம், காய்ச்சல் அளவுக்கு ஏறாது என்று 2016-ல் வெளிவந்த ஆய்வுத் தொகுப்பு ஒன்றும் சொல்கிறது. பல்லும் பேதியும் ஒரே பருவத்தில் வருவதற்குக் காரணம் வேறு. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குறைவதும், இணை உணவு தொடங்குவதும், கையில் அகப்பட்டதையெல்லாம் குழந்தை வாயில் வைப்பதும் அந்த ஆறாம் மாதத்தை ஒட்டித்தான். கிருமி செய்த வேலைக்குப் பல்லின் மேல் பழி போடுகிறோம்.

ஈறு வலிக்கு வீட்டு வைத்தியம் உண்டு, நல்ல வைத்தியமே உண்டு. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, நகம் வெட்டிய விரலால் ஈறை ஓரிரு நிமிடம் மெதுவாக அழுத்தித் தேயுங்கள். சுத்தமான பழைய வேட்டித் துணியைக் கொதிநீரில் அலசி, காய்ச்சி ஆறிய நீரில் நனைத்து, ஃபிரிட்ஜின் கீழ்த் தட்டில் வைத்துக் கடிக்கக் கொடுங்கள். ஃப்ரீசரில் வைக்காதீர்கள், உறைந்த துணி ஈறைப் புண்ணாக்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் பானைத் தண்ணீரில் போட்டு எடுத்த கரண்டியின் பின்புறம் போதும், கரண்டி மட்டும் கொதிநீரில் கழுவியதாக இருக்க வேண்டும். கேட்கும்போதெல்லாம் தாய்ப்பால் கொடுங்கள். எச்சில் வழிந்து தாடை சிவந்தால் துடைத்துவிட்டுத் தேங்காய் எண்ணெய் தடவலாம். குழந்தை கடிக்கும் நேரம் முழுக்கப் பக்கத்திலேயே ஒருவர் இருக்க வேண்டும்.

இவற்றில் எதுவும் விழுங்கும் மருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒரு வயது முடியும் வரை தேன் கூடாது. விரலில் தொட்டும் கூடாது, நிப்பிளில் தடவியும் கூடாது, சேனை என்ற பெயரிலும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய பாட்டுலிசம் கிருமியின் வித்துகள் வீட்டு அடுப்பில் காய்ச்சினாலும் சாகாது. முதலில் மலச்சிக்கல் வரும், பிறகு பால் குடிக்கும் வேகம் குறையும், அழுகை சன்னமாகும், தலை நிற்காது, கடைசியில் மூச்சுக்கே ஆபத்து. மலைத்தேன், கலப்படமில்லாத தேன் என்று வாதாடுகிறார்கள். சுத்தத் தேனிலும் அந்த வித்து இருக்கலாம்.

உரை மருந்தைப் பற்றிச் சொன்னால் பாட்டிமார்களுக்குக் கோபம் வரும், வரட்டும். சாதிக்காயை எத்தனை உரை உரைத்தோம் என்பதில் யாருக்கும் அளவு கிடையாது. கூடினால் குழந்தை மயங்கிக் கிடக்கும், வீட்டார் அதை நல்ல தூக்கம் என்று நினைப்பார்கள். வசம்பு எலிகளுக்குப் புற்றுநோய் உண்டாக்கியதைப் பார்த்து, அமெரிக்கா 1968-லேயே அதை உணவில் சேர்க்கத் தடை போட்டது. கையில் கட்டும் வசம்பு வளையலைப் பல் முளைக்கிற குழந்தை சப்பிக்கொண்டே இருக்கும். நூல் அறுந்து துண்டு தொண்டையில் போனால் மூச்சடைக்கும். கிராம்பு எண்ணெயும் பிராந்தியும் ஈறில் படவே கூடாது.

கடைக்குப் போனால் மட்டும் பாதுகாப்பு என்று எண்ணாதீர்கள். ஈறில் தடவும் ஜெல்லைச் சீட்டு இல்லாமலே எடுத்துக் கொடுக்கிறார்கள், வயதைக்கூடக் கேட்பதில்லை. கோலின் சாலிசிலேட் கலந்த வாய் ஜெல்லை 16 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று பிரிட்டன் 2009-ல் அறிவித்தது. பென்சோகெய்ன் உள்ளவற்றை இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குத் தரவேண்டாம் என்று அமெரிக்கா 2018-ல் எச்சரித்தது. டியூபைத் திருப்பி, என்ன மருந்து என்று படியுங்கள். வலி தாங்காமல் பாராசிட்டமால் தரவேண்டியிருந்தால், குழந்தையின் எடையைச் சொல்லி டாக்டரிடம் அளவு எழுதி வாங்குங்கள். சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கே 100 மில்லிகிராம் இருக்கும், சாதாரண சிரப்பில் 5 மில்லிக்குத்தான் 120 அல்லது 125 மில்லிகிராம். சிரப் அளவைச் சொட்டு மருந்தில் ஊற்றினால் நான்கு மடங்கு உள்ளே போகும்.

இப்போது பேதி. திரும்பவும் சொல்கிறேன், பல் முளைப்பதால் பேதி வராது. பேதி தொடங்கிய அன்றே ஓ.ஆர்.எஸ். தொடங்குங்கள். அங்கன்வாடியிலும், துணை சுகாதார நிலையத்திலும், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசமாகத் தருகிறார்கள். பாக்கெட்டின் மேல் ஒரு லிட்டர் என்று இருந்தால் முழுப் பாக்கெட்டையும் ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீரில் ஒரே தடவையில் கரைக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டி டம்ளரில் கலக்குவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. அப்படிச் செய்தால் உப்பின் அளவு கெட்டுப்போகும். ஒவ்வொரு முறை போனதும் 50 முதல் 100 மில்லி வரை பாலாடையில் மெல்லப் புகட்டுங்கள். 24 மணி நேரம் கடந்தால் கொட்டிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள். தாய்ப்பாலை நிறுத்தாதீர்கள். கூடவே துத்தநாக மாத்திரை: ஆறு மாதம் முடிந்தவர்களுக்கு நாளுக்கு 20 மில்லிகிராம், இரண்டு முதல் ஆறு மாதம் வரை 10 மில்லிகிராம், பேதி நின்றாலும் 14 நாள் முழுக்க. இதை நர்ஸ் சொல்லாமல் விட்டால் நீங்கள் கேளுங்கள். பெட்டிக்கடையில் அட்டைப் பெட்டியில் விற்ற இனிப்புப் பானங்களை நம்பி ஏமாந்தது போதும். உலக சுகாதார அமைப்பின் கலவை இல்லாத பானத்தின் மேல் ஓ.ஆர்.எஸ். என்று போடக் கூடாது என 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிட்டிருக்கிறது.

மலத்தில் ரத்தம், ஆறு மணி நேரமாகச் சிறுநீர் இல்லை, பால் குடிக்கவில்லை, எழுப்பினால் விழிக்கவில்லை, 100.4 டிகிரியைத் தாண்டிய காய்ச்சல் — இதில் ஏதாவது ஒன்று இருந்தாலும் வீட்டில் வைத்திருக்காதீர்கள், 108-க்குக் கூப்பிடுங்கள். சந்தேகம் என்றால் 104-ல் கேளுங்கள்.

ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு அரசு மருத்துவமனையில் சிகிச்சை, மருந்து, பரிசோதனை, வண்டி எல்லாம் இலவசம். 2011-ல் பச்சிளங்குழந்தைகளுக்காகத் தொடங்கிய ஜனனி சிசு சுரக்ஷா திட்டத்தை 2014-ல் ஒரு வயது வரை நீட்டித்தார்கள். மருந்து இருப்பு இல்லை, வெளியே வாங்குங்கள் என்று யாராவது சொன்னால் அதை ஓ.பி. சீட்டிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் தேதி, நேரம், சீட்டு எண் குறித்து மருத்துவ அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள், நகல் ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். அங்கும் அசையவில்லை என்றால் 1100-ல் புகார் பதியுங்கள். வாய்மொழியாகச் சண்டை போட்டுவிட்டு வருவதால் எந்த அலுவலகமும் அசைந்ததில்லை.

மருந்து வாங்கினால் பில் கேளுங்கள், பில்லில் பேட்ச் எண் இருக்கிறதா என்று பாருங்கள். 2025-ல் காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான இருமல் மருந்து குடித்து மத்தியப் பிரதேசத்தில் குழந்தைகள் இறந்தபோது, எந்த பேட்ச் என்பதை வைத்துத்தான் விசாரணை நகர்ந்தது. ஜெல்லோ சொட்டு மருந்தோ கொடுத்த பிறகு குழந்தைக்கு ஏதாவது ஆனால் பாட்டிலைத் தூக்கி எறியாதீர்கள். அதையும் பில்லையும் மருத்துவரிடம் காட்டுங்கள். மருந்தின் பக்கவிளைவைப் பதிவு செய்ய 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண் இருக்கிறது, பெற்றோரே கூப்பிடலாம். மருந்தின் தரத்தில் சந்தேகம் என்றால், மாவட்ட மருந்துகள் ஆய்வாளரிடம் மீதி மருந்தோடு எழுதிக் கொடுங்கள்.