பழைய ஹாக்கி அட்டைகள்: எது காசு, எது காகிதம்?

கனடாவின் ரெஜைனா நகரில் ஒரு வீட்டில் ஆண்டுக்கணக்கில் பிரிக்காமலே கிடந்த பெட்டி ஒன்று, 2024 பிப்ரவரியில் ஹெரிடேஜ் நிறுவனத்தின் ஏலத்துக்கு வந்தது. ஏலம் 37.2 லட்சம் அமெரிக்க டாலரில் போய் நின்றது. பெட்டிக்குள் இருந்தவை 1979-80 சீசனுக்காக ஓ-பீ-சீ என்ற சூயிங்கம் கம்பெனி அச்சடித்த ஹாக்கி வீரர்களின் பட அட்டைகள். 16 பாக்ஸ், பாக்ஸுக்கு 48 பாக்கெட், பாக்கெட்டுக்கு 14 அட்டை. மொத்தம் 10,752. அந்த ஆண்டு வரிசையில் 396 வெவ்வேறு அட்டைகள் உண்டு என்பதால், சராசரிக் கணக்குப்படி ஒவ்வொன்றிலும் சுமார் 27 பிரதிகள் உள்ளே இருக்கலாம். ஏலம் கேட்டவர்கள் மனதில் ஓடியது அவற்றில் ஒரே ஓர் அட்டைதான்: 18ஆம் எண், ஹாக்கியின் பெரும் நட்சத்திரமான வேய்ன் கிரெட்ஸ்கியின் முதல் அட்டை.

இப்படி ஒரு செய்தி வந்தால் போதும், கனடாவிலும் அமெரிக்காவிலும் பலர் நிலவறைக்கு ஓடிப்போய் தாங்கள் சிறுவயதில் சேர்த்த அட்டைகளை வெளியே எடுப்பார்கள். (இங்கே ஹாக்கி என்றால் புல்தரையில் ஆடுவதல்ல, ஸ்கேட்டிங் ஷூ போட்டுக்கொண்டு பனித்தரையில் ஆடுவது.) எடுத்தவர்களில் பெரும்பாலோருக்கு ஏமாற்றம்தான் மிச்சம். அந்த ஏமாற்றத்துக்குக் காரணம் பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட ஆண்டில் இருக்கிறது.

அந்த ஆண்டு 1990-91. அதற்கு முன்பு வரை ஹாக்கி அட்டை என்பது குழந்தைகள் சமாச்சாரம். 1910 வாக்கில் மான்ட்ரியலின் இம்பீரியல் டொபாக்கோ சிகரெட்டோடு கொடுத்தது. 1923-24இல் பிரான்ட்ஃபோர்டின் வில்லியம் பாட்டர்சன் கம்பெனி மிட்டாயோடு கொடுத்தது. 1951-52இல் பார்க்ஹர்ஸ்ட், பிறகு டாப்ஸ் என்று வந்தன. பையன்கள் அவற்றை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டினார்கள், சுவரில் விட்டெறிந்து பந்தயம் ஆடினார்கள், மோட்டார் சத்தம் வருவதற்காகத் துணி கிளிப்பால் சைக்கிள் சக்கரக் கம்பியில் மாட்டினார்கள். 'செக்லிஸ்ட்' அட்டையில் தங்களிடம் உள்ளவற்றுக்கெல்லாம் பென்சிலால் டிக் போட்டார்கள். வீடு மாறும்போது அம்மாக்கள் பெட்டியோடு குப்பையில் போட்டார்கள். இத்தனைக்கும் தப்பி, நான்கு மூலையும் மழுங்காமல் பிழைத்த அட்டை எத்தனை இருக்கும்? அந்த எண்ணிக்கைதான் இன்றைய விலை.

1980களின் கடைசியில் பழைய பேஸ்பால் அட்டைகள் பெருந்தொகைக்கு விற்ற செய்திகள் பரவின. புதியவற்றையும் வாங்கி வைத்தால் ஏறும் என்று எல்லோரும் நம்பத் தொடங்கினார்கள். 1990-91இல் ஓ-பீ-சீ, டாப்ஸோடு ஸ்கோர், புரோ செட், அப்பர் டெக் ஆகியவையும் ஹாக்கிக்குள் இறங்கின. அச்சு இயந்திரம் நிற்கவே இல்லை. வாங்கியவர்கள் பிளாஸ்டிக் உறையில் போட்டார்கள், சிலர் பெட்டியையே பிரிக்கவில்லை, பிள்ளையின் கல்லூரிச் செலவுக்கு ஆகும் என்று பத்திரப்படுத்தினார்கள். எல்லோரும் பத்திரப்படுத்தியதால் எல்லாமே பிழைத்துவிட்டன. முப்பத்தைந்து ஆண்டு கழித்தும் அந்தக் காலத்துப் பிரிக்காத பாக்ஸ்கள் சாதாரண விலைக்குக் கிடைக்கின்றன. புரோ செட்டில் அச்சுப்பிழைகள் ஏராளம். பிழையுள்ளது அபூர்வம் என்று அன்று தேடித் தேடி வாங்கினார்கள். இன்று பிழையுள்ளதும் திருத்தியதும் ஒரே விலைதான், அதாவது ஏறக்குறைய ஒன்றுமில்லை.

வீரர் பெரியவராக இருந்தால் மட்டும் போதாது என்பதற்கு எரிக் லிண்ட்ராஸ் நல்ல சாட்சி. அவர் வட அமெரிக்காவின் தேசிய ஹாக்கி லீகான என்.ஹெச்.எல்.லில் ஆடுவதற்கு முன்பே ஸ்கோர் கம்பெனி 1990-91இல் அவருக்கு அட்டை போட்டது. பையன் பெரிய ஆளாக வருவான் என்று கணித்தவர்கள் தோற்கவில்லை. 2016இல் ஹாக்கி ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் ஏறியது. அட்டையின் விலை மட்டும் நிலைக்கவில்லை.

ஆகவே கையில் உள்ள குவியலில் முதலில் பார்க்க வேண்டியது ஆண்டு. முகப்பில் பெரும்பாலும் இருக்காது. அட்டையைத் திருப்பினால் புள்ளிவிவரப் பட்டியல் இருக்கும். அதில் கடைசியாக உள்ள சீசனுக்கு அடுத்த சீசன்தான் அட்டையின் சீசன். கடைசி வரி 1978-79 என்றால் அட்டை 1979-80. பின்பக்கம் ஆங்கிலத்தோடு பிரெஞ்சும் இருந்தால் கனடாவின் ஓ-பீ-சீயாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆங்கிலம் மட்டும் என்றால் அமெரிக்க டாப்ஸாக இருக்கலாம். 1979-80இல் டாப்ஸ் வரிசையில் 264 அட்டைதான். முகப்பில் ஒரே படம் இருந்தாலும் ஓ-பீ-சீக்குத்தான் மதிப்பு கூடுதல்.

1970க்கு முந்தையவை என்றால் யார் படமாக இருந்தாலும் தனியே எடுத்து வையுங்கள். பெயர் தெரியாத வீரருக்கும் ஆள் உண்டு. வரிசையை முழுமையாக்க ஓர் அட்டைக்காக வருடக்கணக்கில் அலைகிறவர்கள் இருக்கிறார்கள். 1951-52 பார்க்ஹர்ஸ்டில் கோர்டி ஹோ, மாரிஸ் ரிஷார், 1966-67 டாப்ஸில் பாபி ஓர் என்றால் கையில் இருப்பது வேறு வகைச் சொத்து. 1970களிலும் 80களிலும் வீரரின் முதல் அட்டையை, அதாவது ரூக்கி கார்டை, தேடினால் போதும்: 1971-72இல் கென் டிரைடன், கை லஃப்லூர்; 1980-81இல் மார்க் மெசியர், ரே போர்க்; 1985-86இல் மரியோ லெமியூ; 1986-87இல் பேட்ரிக் ருவா. 90களின் குவியலைக் கடந்து வந்தால், 2005-06 அப்பர் டெக் 'யங் கன்ஸ்' வரிசையின் சிட்னி கிராஸ்பி, அலெக்ஸ் ஒவெச்கின், 2015-16இன் கானர் மெக்டேவிட் ஆகியோருக்குக் கிராக்கி இருக்கிறது. நான்கு பாக்கெட்டுக்கு ஒன்று என்ற வீதத்தில் கம்பெனியே கணக்குப் போட்டு உருவாக்கிய பஞ்சம் அது.

ஆண்டும் ஆளும் சரி என்றால் அடுத்தது நிலை. கிரெட்ஸ்கி அட்டையையே வைத்துப் பார்க்கலாம். அதன் ஓரம் நீலம். சாயம் துளி உதிர்ந்தாலும் அடியிலுள்ள வெள்ளை எட்டிப் பார்க்கும். பாபி ஓர் அட்டைக்கு மரப்பெட்டி டி.வி. போல ஓரம், அந்தப் பழுப்பிலும் இதே தொல்லை. படம் நடுவில் இருக்கிறதா, இடதுபக்க ஓரமும் வலதுபக்க ஓரமும் ஒரே அகலமா, நான்கு மூலையும் கூராக இருக்கின்றனவா, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால் கீறலோ மடிப்போ தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். அழகான முகப்பு உள்ள அட்டையின் பின்பக்கத்தில் சூயிங்கம் கறை இருப்பதும் உண்டு.

ஓர் அதிசயம்: ஓ-பீ-சீ அட்டைகளுக்குச் சொரசொரப்பான விளிம்பு குறை அல்ல. அட்டைகளைக் கம்பியால் அறுத்ததால் அந்தக் காலத்து விளிம்புகள் பிசிறாகவே வந்தன. பிளேடால் வெட்டியது போலப் பளிச்சென்ற விளிம்பைப் பார்த்தால்தான் அனுபவசாலிக்குச் சந்தேகம் வரும்: மழுங்கிய மூலையை மறைக்க யாரோ ஓரத்தை நறுக்கியிருக்கிறார்கள்.

நறுக்கும் கதையில் கிரெட்ஸ்கியே ஒரு பாத்திரம். 1991இல் அவரும் லாஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் அணியின் அப்போதைய உரிமையாளர் புரூஸ் மெக்நாலும் சேர்ந்து, ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் வீரரின் புகழ்பெற்ற பழைய அட்டையை 4,51,000 டாலருக்கு வாங்கினார்கள். பி.எஸ்.ஏ. என்ற தரச்சான்று நிறுவனம் மதிப்பிட்ட முதல் அட்டையே அதுதான். பத்துக்கு எட்டு கொடுத்தது. முன்பு அதை வைத்திருந்த வியாபாரி பில் மாஸ்ட்ரோ, தான் அதன் ஓரத்தை நறுக்கியதாக 2013இல் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார்.

இந்தத் தரச்சான்றைத்தான் 'கிரேடிங்' என்கிறார்கள். பி.எஸ்.ஏ., பெக்கெட், எஸ்.ஜி.சி. போன்ற நிறுவனங்கள் அட்டை அசல்தானா என்று பார்த்து, ஒன்று முதல் பத்து வரை எண் கொடுத்து, பிளாஸ்டிக் கூட்டுக்குள் வைத்து மூடித் தருகின்றன. ஓர் எண் கூடுவதும் குறைவதும் செய்கிற வேலையைப் பாருங்கள். ஓ-பீ-சீ கிரெட்ஸ்கியில் பி.எஸ்.ஏ. பத்து பெற்றவை இரண்டே இரண்டு. அவற்றில் ஒன்று 2020 டிசம்பரில் 12.9 லட்சம் டாலருக்கும், அடுத்த ஆண்டு மே மாதத்தில் 37.5 லட்சம் டாலருக்கும் கைமாறியது. ரெஜைனா பெட்டி முழுவதற்கும் கேட்கப்பட்ட ஏலத் தொகையைவிட ஒற்றை அட்டைக்குக் கொஞ்சம் கூடுதல்! அதே அட்டை மூலை தேய்ந்து, நடுவில் மடிப்பு விழுந்து உங்களிடம் இருந்தால் சில நூறு டாலர் என்ற அளவில்தான் பேச்சு. அதுவும் அசலாக இருந்தால்.

போலிகளும் கிரெட்ஸ்கியில்தான் அதிகம் திரிகின்றன. பூதக்கண்ணாடியில் பார்த்தால் அசலில் வண்ணப்புள்ளிகள் ஒழுங்கான கோலமாகவும், எழுத்துகள் திடமான மையாகவும் தெரியும். அட்டையைப் பார்த்து எடுத்த நகலில் எழுத்துகூடப் புள்ளிகளாக உடைந்திருக்கும். ஐம்பது டாலருக்கு யாராவது நீட்டினால் பூதக்கண்ணாடிகூடத் தேவையில்லை.

எல்லாவற்றையும் கிரேடிங்குக்கு அனுப்பிவிடலாமா? கூடாது. கட்டணமும் தபால், இன்சூரன்ஸ் செலவும் சேர்ந்தால் சாதாரண அட்டையின் விலையைத் தாண்டிவிடும். முதலில் அதே ஆண்டு, அதே நிலை அட்டை உண்மையில் என்ன விலைக்கு விற்றது என்று பார்க்க வேண்டும். இபேயில் விற்று முடிந்தவற்றை மட்டும் காட்டச் சொல்லும் வசதி இருக்கிறது. விற்காமல் கிடக்கும் அட்டைக்கு ஒருவர் ஆயிரம் டாலர் என்று எழுதி வைத்திருப்பது அவருடைய ஆசை. 1992இல் வாங்கிய பழைய விலைப் புத்தகமும் அப்படித்தான். அதில் அச்சான விலை ஜுரம் உச்சத்தில் இருந்த காலத்தது.

பார்த்து முடிக்கும்வரை அட்டையில் கை வைக்காமல் இருப்பது பெரிய புண்ணியம். தூசி தட்டுகிறேன் என்று ஈரத்துணியால் துடைக்காதீர்கள், ஆல்பத்தில் ஒட்டிக்கொண்டதைப் பிடித்து இழுக்காதீர்கள், பென்சில் டிக்கை அழிக்காதீர்கள்; அழித்த தடம் டிக்கைவிட நன்றாகத் தெரியும். நல்லதாகத் தோன்றும் பத்துப் பதினைந்தை மட்டும் மெல்லிய உறையிலும், பிறகு கெட்டி உறையிலுமாகப் போட்டு வையுங்கள்.

விற்பதற்காக அட்டைக் கடைக்குப் போகும்போது, இணையத்தில் பார்த்த விலையைக் கடைக்காரர் அப்படியே தருவார் என்று எதிர்பார்க்க முடியாது. வாடகை, லாபம் எல்லாம் அதிலிருந்துதான் எடுக்க வேண்டும். மொத்தக் குவியலுக்கும் ஒரே விலை சொன்னால் உடனே தலையாட்டாமல், 1970க்கு முந்தையவற்றையும் ரூக்கி அட்டைகளையும் தனித்தனியே விலை பேசுங்கள். 1990-91 பெட்டிகளைக் கடைக்காரர் தொட்டுக்கூடப் பார்க்காமல் ஓரமாகத் தள்ளினால் கோபித்துக்கொள்ள வேண்டாம், அவரிடமும் பின்னறை நிறைய அதே பெட்டிகள் இருக்கும்.